மறுதாலி

“மதினி, கையில என்ன, தாலிக்கயிறா? எங்க அண்ணனுக்குக் கருமாதி முடிஞ்சு வருஷம் திரும்பல!” விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் ஆறுமுகத்தாயை மறித்தான் கொழுந்தன் உக்கிரபாண்டி.

“நாளைக்குக் கோயில்ல கல்யாணம், தம்பி. நீங்களும் வரணும்.”

“வாரம் தவறாம தூத்துக்குடிக்குப் போனீகளே, இதுக்குத்தானா?”

“ஆமா. ஹார்பர்ல கப்பல்காரங்களை விசாரிச்சு விசாரிச்சுத்தான் ஆளைப் பிடிச்சேன்.”

“மானம் போச்சு! மாப்பிள்ளை எவன்?”

“இந்தா, பஸ் வருது. நீங்களே பாருங்க.”

தகரப்பெட்டியோடு இறங்கிய நரைத்த தாடிக்காரரைக் கண்டதும் உக்கிரபாண்டி இரண்டடி பின்வாங்கினான். “அண்ணே!”

“கப்பல் வேலைக்குப் போயி அரபு நாட்டுல மாட்டிக்கிட்டு, தகவல் சொல்ல வழியில்லாம கெடந்தவரைச் செத்துட்டார்னு சொல்லித்தானே என் தாலியை அறுத்தீக?” என்றாள் ஆறுமுகத்தாய்.

பிறகு கயிற்றைக் கணவனிடம் நீட்டினாள்.

“ஊரறிய அறுத்தாக. நாளைக்கு ஊரறியவே கட்டுங்க.”