கடனுக்கு வந்த செனட்டர்

"மொர்செல்லி எனக்கு உடன்பிறவா சகோதரர். அந்த முகத்தைப் பார்க்கலைன்னா எனக்குப் பொழுதே விடியாது!"

ரோமில் செனட் மாளிகை வாசலில், டிவி கேமராக்களுக்கு முன்னால் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார் ஓர்லாந்தோ பெர்த்திகாரி. இடதும் இல்லை, வலதும் இல்லை, நான் நடு என்று சொல்லியே முப்பது வருடமாக அரசியல் பிழைப்பை ஓட்டுகிறவர். 'மாகாணங்களும் மையமும்' என்ற பத்துப் பேர் குழுவுக்குத் தலைவர்.

பத்தில் ஒன்று குறைந்தாலும் குழு கிடையாது. குழு போனால் அறைகள், கார், டிரைவர், அவையில் பேசும் நேரம், டிவியில் முகம், எல்லாம் போச்சு. சொந்தச் சரக்கோ ஒன்பதுதான். மையவாதிகள் நான்கு, வடக்கு மலைக்காரர்கள் மூன்று, சார்தீனியத் தீவுக்காரர்கள் இரண்டு. பத்தாவது ஆளாக மொர்செல்லியை ஒன்றரை வருடத்துக்கு முன் பெரிய கட்சி ஒன்று கடனாகக் கொடுத்திருந்தது. ரோமில் இது சகஜம். பக்கத்து வீட்டில் காபிப்பொடி கடன் வாங்குவதைப் போலத்தான். யாரும் வெட்கப்படுவதில்லை. கையெழுத்து வந்து சேர்ந்தால் போதும், ஆள் வந்தாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

"அந்தக் குழு வெறும் காகிதத்துல இருக்கு" என்று எதிரணி கூச்சல் போட்டதில், இன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்துப் பேரும் அவையில் எழுந்து நின்று தலையைக் காட்ட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. ரொவீகோ ஊரிலிருந்து வரும் மொர்செல்லியை எதிரணி ஆட்கள் வழியிலேயே மடக்கப்போகிறார்கள் என்று காலையிலிருந்து ஒரே வதந்தி.

பெர்த்திகாரி குழு அறைக்குள் நுழைந்தபோது, நரைத்த மீசையும் தொப்பையுமாக ஒருவர் சோபாவில் சாய்ந்து கிரீம் பன் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க வாங்க!" என்று அவரே எழுந்து வரவேற்றார்.

மலைக்காரர்கள் ஊரிலிருந்து கூட்டி வந்த பெரிய மனிதராக்கும் என்று பெர்த்திகாரியும் அவர் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவைத்தார்.

"பன்னெண்டு மணிக்குத்தானே தலை எண்ணறாங்க?" என்றார் மீசைக்காரர்.

"ஆமா."

"பத்தாவது ஆள் வரலைன்னு வைங்க. உங்க கதி என்ன ஆகும்?"

கேட்டுவிட்டு மீசையில் ஒட்டிய கிரீமைத் துடைத்தபடி ஒரு சிரிப்பு வேறு. இந்த ஆள் யார் என்று பெர்த்திகாரிக்குச் சந்தேகம் தட்டியது. நைசாக நழுவி, நடையில் நின்றிருந்த மலைக்காரர்களின் தலைவி வால்ட்ராவுட் பிளாங்க்கிடம் போனார்.

"ஏம்மா, சோபாவுல இருக்கறவர் உங்க ஆளா?"

"எங்க ஆளா? இப்படித் தின்னா எங்க ஊர் மலையில ஏற முடியுமா? தீவுக்காரங்க கூட்டிட்டு வந்த ஆளுன்னு நெனச்சேன்."

அதற்குள் தீவுக்காரர் எஃபிசியோ மூச்சிரைக்க ஓடிவந்தார். "தலைவரே, மோசம் போனோம்! ஸ்டேஷன்ல ரயில் காலி. மொர்செல்லி வரல. வீட்டுக்குப் போன் போட்டா, நேத்தே கெளம்பிட்டார்ங்கறாங்க அவர் சம்சாரம். அவர் போன் அணைஞ்சு கெடக்கு!"

"அடப்பாவி! உள்ள இருக்கற மீசைக்காரர் உங்க ஆளா?"

"சத்தியமா இல்ல. உங்க ஆளுன்னு நெனச்சு காலையில நான் காபி வேற வாங்கிக் குடுத்தேன்."

ஒரே கூரைக்குக் கீழே ஒன்றரை வருடம் குடித்தனம். யார் யாருடைய ஆள் என்று கேட்டுக்கொண்டது இன்றைக்குத்தான். என்ன கூட்டணியோ, கண்றாவி!

"என்ன அங்க குசுகுசுப்பு?" உள்ளேயிருந்து மீசைக்காரர் குரல் கொடுத்தார். "பத்தாவது ஆள் மனசு வெச்சாத்தான் உங்களுக்கெல்லாம் வாழ்வு. ஞாபகம் இருக்கட்டும்!"

"கேட்டீங்களா மிரட்டலை?" என்றார் வால்ட்ராவுட். "மொர்செல்லியை எங்கயோ அடைச்சு வெச்சுட்டு, இங்க வந்து நம்மளை வேவு பாக்கறான்."

"அப்போ இவனை நாம அடைப்போம்" என்றார் பெர்த்திகாரி. "கேமரா முன்னாடி வெச்சுப் போலீஸ்ல குடுப்போம். நாளைக்குப் பேப்பர்ல நம்ம படம்தான்."

சோபாவருகே போய்க் குழைந்தார். "ஐயா, உள்ளறையில இன்னும் பன் இருக்கு."

மீசைக்காரர் மகிழ்ச்சியாக எழுந்து போனார். வெளியே சாவி திரும்பியது. பழங்காலத்துச் சுவர், கனமான கதவு. உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது.

பன்னிரண்டு மணிக்கு அவையில் ஒன்பது பேர் எழுந்து நின்றார்கள்.

"பத்தாவது உறுப்பினர் எங்கே?" என்றார் அவையின் துணைத்தலைவி.

"கடத்திட்டாங்கம்மா!" பெர்த்திகாரியின் கண்ணில் நிஜமாகவே நீர். "என் சகோதரனைக் கடத்திட்டாங்க! ஆனா கடத்தினவன் எங்க பிடியில இருக்கான். வந்து பாருங்க!"

"முதல்ல எண்ணிக்கை" என்றார் அந்த அம்மாள். "ஒன்பது. குழு கலைந்தது." மணியை அடித்துவிட்டு இறங்கி வந்தார்.

காவலர்கள், கேமராக்கள், எதிரணி என்று பெருங்கூட்டமே குழு அறைக்குத் திரண்டது. பெர்த்திகாரி தலைமுடியைக் கோதிச் சரிசெய்துகொண்டு, கேமராக்கள் தயாரா என்று பார்த்த பிறகே பூட்டைத் திறந்தார். பன் தட்டு காலி. நாற்காலியில் மீசைக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இவன்தான்! என் சகோதரனை எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு கேளுங்க!"

மீசைக்காரர் கண்ணைக் கசக்கினார். "என்ன, எண்ணி முடிச்சாச்சா?"

துணைத்தலைவி அவரைப் பார்த்தார். பிறகு பெர்த்திகாரியைப் பார்த்தார்.

"இப்பவாவது உங்களுக்குப் பொழுது விடிஞ்சுதா, பெர்த்திகாரி? இவர்தான் மொர்செல்லி."