டெக்சாஸ் ஊசி

"மாமா மடியில ஏறி உக்காந்துக்க. கண்ண மூடிக்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றாள் அஜேவா.

ஆறு வயது அடோமா டார்கோவின் மடியில் ஏறிக்கொண்டாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அவன் கைக்குத் தெரிந்தது.

குமாசியிலிருந்து பஸ் பிடித்து மூவரும் கானாவின் தலைநகர் அக்ராவுக்கு வந்திருந்தார்கள். விசாவுக்கு ஊசி போடும் அந்த மருத்துவமனையில் காலையிலிருந்தே கூட்டம்.

டெக்சாஸில் டாக்சி ஓட்டும் ஒப்பொங் போன வருடம் ஊருக்கு வந்து அஜேவாவைக் கல்யாணம் செய்துகொண்டு போனார். இப்போது அவளையும் குழந்தையையும் அங்கே கூப்பிட்டிருக்கிறார். அந்தக் கல்யாணத்தில், பெண்ணின் அண்ணனுக்கு மாப்பிள்ளை தரும் முறைப்பணத்தை எல்லார் முன்னாலும் கைநீட்டி வாங்கியவன் டார்கோ. "மச்சான்" என்று தோளில் கை போட்டு ஒப்பொங் அவனோடு படம்கூட எடுத்துக்கொண்டார்.

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டாள். "இதுக்கு முன்னாடி எந்த ஊசியாவது ஒத்துக்காமப் போயிருக்கா?"

அஜேவா யோசிப்பதற்குள் டார்கோ முந்திக்கொண்டான். "தட்டம்மை ஊசி போட்டப்ப உடம்பு அனலாக் கொதிச்சுது, சிஸ்டர். கீழ படுக்க வச்சா அழுவா. விடிய விடியத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "மாமாவுக்கு இம்புட்டு ஞாபகமா? எங்க வீட்டுக்காரர்கிட்ட பையன் எந்த வகுப்புன்னு கேட்டா என் மூஞ்சியப் பாப்பாரு."

"அண்ணன் அப்போ எங்களோடதான் இருந்தாரு," என்றாள் அஜேவா அவசரமாக.

"பாப்பாவோட சொந்த அப்பா?"

அஜேவா தரையைப் பார்த்தாள். டார்கோதான் பதில் சொன்னான். "செத்துட்டாரு, சிஸ்டர். உடம்புக்கு முடியாம."

"அடப் பாவமே. உங்கள மாதிரி ஒரு மாமா இருக்கறது அதுக்குப் பெரிய துணை," என்றபடி நர்ஸ் ஊசியை இறக்கினாள். இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று. அடோமா அழவில்லை. டார்கோவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அடுத்து அஜேவாவின் முறை. அதற்குள் அவள் போன் அடித்தது. ஒப்பொங்தான். மூலைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

முன்பெல்லாம் அவரோடு பேசும்போது மட்டும் சிரிப்பாள். போனை வைத்ததும் முகம் விழுந்துவிடும். இப்போது வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் நிற்கிறது. டார்கோ அதைப் பார்க்காதவன் போலக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

'போனதும் உங்களையும் கூப்பிட்டுக்கறேன்' என்று ஆரம்பத்தில் தினமும் சொன்னவள்தான் அஜேவா. இப்போதெல்லாம் சொல்வதில்லை. அவனும் கேட்பதில்லை.

கட்டடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். அடோமாவுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. வாசலில் வாங்கிய பொரித்த வாழைப்பழத்தை அவனே ஊதி ஊதி ஊட்டினான்.

"டெக்சாஸ் அப்பா எனக்கு சைக்கிள் வாங்கி வச்சிருக்காராம்."

"அப்படியா? என்ன கலர்?"

"சிவப்பு. நீங்க எப்ப அங்க வருவீங்க?"

"சாப்பிடு. ஆறிடப் போகுது."

அடுத்த வாரம் தூதரகத்தில் நேர்காணல். அது முடிந்தால் பயணத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான். இப்படி இவளோடு தனியாக உட்கார இனி வாய்க்குமா என்று டார்கோவுக்குத் தெரியவில்லை. அவள் வாயைத் துடைத்துவிட்டான். துடைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். ஆள் நடமாட்டம் இல்லை. அவள் காதருகே குனிந்தான்.

"அடோமா, இங்க யாருமே இல்ல. ஒரே ஒரு தடவ, முன்ன மாதிரி என்னை அப்பான்னு கூப்பிடும்மா."

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். இந்த மூன்று மாதமாக, அசந்திருக்கும் நேரம் பார்த்து இதையே கேட்டுக் கேட்டு, வாய் தவறியும் அப்பா என்று சொல்லிவிடாதபடி அவளைப் பழக்கியவனும் அவன்தான்.

மெல்ல, கெட்டிக்காரத்தனமாகச் சிரித்தாள்.

"நான் ஏமாற மாட்டேன், மாமா."