வாய் வைத்து

தலைவருக்கு விக்கல் வந்தேவிட்டது.

அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். பொடியில் ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை.

அவள் வீட்டுத் தரையில் தலைவர் சம்மணமிட்டிருந்தார். காலனி வீட்டில் அவர் சாப்பிடுவதை நாடே பார்க்க வேண்டுமாம். வாசலை அடைத்துக்கொண்டு கேமராக்கள் நின்றன. இட்லி, பொடி, இலை, தண்ணீர் பாட்டில் எல்லாம் டவுனிலிருந்து கட்சிக்காரர்கள் கொண்டுவந்தவை. பொடியில் எண்ணெய் விட்டுக் குழைத்துப் பரிமாறுவது மட்டும் அவள் வேலை.

பாட்டில் பெட்டியை அவள் காலையிலேயே கொல்லைக்குத் தள்ளிவிட்டாள்.

தலைவருக்குப் பின்னால் பேனர் தொங்கியது.

இருப்பது ஒன்றே.

அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லியே மனிதர் கோட்டை வரை போய்விட்டார்.

அவள் அதைச் சிறுமியாக இருந்தபோதே கேட்டிருக்கிறாள். அப்போது அவர் ஊராட்சித் தலைவர். அப்பா தாகம் பொறுக்காமல் ஊர்த்தெருக் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டார். ஊர்த்தெருக்காரர்கள் முன்பற்களை உடைத்தார்கள். வீங்கிய வாயோடு அப்பா பஞ்சாயத்தில் கேட்டார்.

"எல்லாம் ஒண்ணுன்னு மேடையில நீங்கதானேய்யா பேசுறீங்க?"

அவர் சிரித்தார்.

"உயிருதான்டா ஒண்ணு. உடம்பு வேற வேற. தண்ணி குடிக்கிறது உடம்புதானே?"

கூட்டம் கை தட்டியது. பல்லை உடைத்தவனும் தட்டினான். அடுத்த மாதமே காலனிக்குத் தனிக் குழாய் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பா தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் பொக்கை வழியே ஒழுகிச் சட்டை நனையும். சாகும்வரை அப்படித்தான்.

தலைவர் மறுபடி விக்கினார். கண்ணில் நீர் கோத்தது.

"ஏம்மா, பாட்டில் பெட்டி எங்கம்மா?" ஒன்றியச் செயலாளர் பதறினார்.

அவள் பானையில் மொண்டு தம்ளரை நீட்டினாள். அப்பாவின் தம்ளர்.

தலைவர் தம்ளரைப் பார்த்தார். கேமராக்களைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

உதட்டில் படாமல் உயரத் தூக்கி அண்ணாந்தார்.

தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதே அடுத்த விக்கல் வந்தது. புரையேறி, வாயிலும் மூக்கிலும் கொட்டியது. வெள்ளைச் சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

கீழே உருண்ட தம்ளரை எடுத்துக் கழுவினாள். நிதானமாக நிரப்பினாள். இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"வாய் வச்சுக் குடிங்கய்யா. குடிக்கிறது உடம்புதானே?"

தலைவர் நிமிர்ந்து முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

கேமராக்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தன.

அவர் விக்கினார்.