நாலாம் கவுண்டர்

பிராக் நகரில் நிரந்தர வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வந்திருந்த வியட்நாம்காரி லியன், தன் டோக்கனை மறுபடியும் பின்னால் இருந்தவரிடம் மாற்றிக்கொண்டாள்.

"ஏம்மா, ரெண்டாம் கவுண்டர்ல கூப்பிட்டாங்களே, போகலையா?" என்றார் காவலாளி மிலோஷ்.

"நாலாம் கவுண்டருக்குத்தான் போவேன்."

"அந்தப் பொண்ணுகிட்டயா? போட்டோவுல காது தெரியலைன்னாக்கூடத் திருப்பி அனுப்பிடுமே!"

"அனுப்பட்டும்."

கடைசியில் நாலாம் கவுண்டரே அழைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "மன்னிக்கணும் மேடம். உங்க விண்ணப்பத்தை நான் வாங்கக் கூடாது. ரெண்டாம் கவுண்டருக்குப் போங்க."

"நான்தான் சொன்னேனே!" என்றார் மிலோஷ்.

லியனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சின்னப் பிள்ளையா இந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னு எனக்காக செக் மொழி பேசினவ. இன்னிக்கு உள்ள உட்கார்ந்து, பெத்த தாய்க்கே சட்டம் பேசுறா பாருங்க!"