மூக்கு வைத்த வாசல்

குடியிருப்பின் வாசலில் பொருத்தியிருந்த கருவியை எல்லாரும் மூக்கு என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிடிக்காத வாடை வந்தால் கதவு திறக்காது. மேகலா அங்கே குடிவந்த நாளிலிருந்து, காசிமேட்டில் மீன் விற்கும் அவள் அம்மா கேட்டுக்கு வெளியே நின்றே மகளைப் பார்த்துவிட்டுப் போவாள்.

இந்த முறை மேகலா மூன்று சென்ட் பாட்டில்களைக் கொடுத்தனுப்பி, போனில் சொல்லிக்கொடுத்தாள்.

"முதல்ல சந்தனத்த அடிம்மா. நல்லா காயட்டும். அதுக்கு மேல வெட்டிவேரு. எலுமிச்சைய கடைசியா அடி, அதுதான் மிச்சத்த அமுக்கும்."

"மூணுமா? கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடுவேன்டி."

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தது. லிஃப்டில் மேலே வந்த அம்மா, வீட்டுக்குள் காலை வைத்ததும் சிரித்தாள். "பாத்தியா, உட்டுடுச்சு!"

மேகலா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அவள் கழுத்தில் முகம் புதைத்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவளைத் தூங்கவைத்தது அந்தக் கழுத்தின் வாசம்தான். எலுமிச்சை மணந்தது. அதற்கடியில் வெட்டிவேர், அதற்கும் அடியில் சந்தனம். இன்னும் ஆழமாக மூச்சை இழுத்துத் தேடினாள்.

அம்மா பயந்துபோய்க் கேட்டாள். "இன்னும் வாடை அடிக்குதாடி?"

"இல்லம்மா," என்றாள் மேகலா. "ஒண்ணுமே இல்ல."