நாகையில் விட்ட ரயில்

பேருந்து நகரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே காவி. சாலை முழுக்கக் காவி உடுத்தவர்கள் வேளாங்கண்ணியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நாகப்பட்டினம் போகிற பேருந்துக்கு வழி இல்லை.

காலையில் அவளும் அவர்களில் ஒருத்திதான். புள்ளம்பாடியிலிருந்து ஐந்து நாள் நடை.

யாரையும் திட்ட முடியவில்லை.

கையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. பத்தரைக்கு வேளாங்கண்ணியில் பஸ். பதினொன்று ஐம்பதுக்கு நாகையில் ரயில். மூன்று மணிக்குத் திருச்சி ஜங்ஷன். மூன்றரைக்கு ஏர்போர்ட். அருளப்பன் எழுதிக் கொடுத்தது. இருபது வருடமாக இந்த நடைக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வருகிறவர். ஊர் திரும்புகிற வழியெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மகளுக்குக் குவைத் விசா வர வேண்டும் என்றுதான் அவள் நடக்கத் தொடங்கினாள். நர்ஸ் வேலை. ஏற்கெனவே இரண்டு முறை கைக்கு எட்டி நழுவிப் போயிருந்தது.

மூன்றாம் நாள், தஞ்சாவூர் தாண்டி ஒரு பெட்டிக்கடை நிழலில் உட்கார்ந்து காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது ரெஜினா ஃபோன் செய்தாள். விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு விமானம்.

நடை முடிந்து கோயிலில் போய்ச் சேர்வதும் சனிக்கிழமைதான்.

"நீ வராதம்மா. அரக்கப்பரக்க ஓடி வருவ, பாக்க முடியலன்னா ஊரு போற வரைக்கும் அழுவ. நான் நாலு மணிக்கெல்லாம் உள்ள போயிடுவேன். மாமா கொண்டாந்து விட்டுருவாரு. நீ மாதாவ நல்லா கும்புட்டுட்டு மெதுவா வா."

சரி என்றாள்.

ஃபோனை வைத்த கையோடு அருளப்பனிடம் போய் வழி கேட்டாள்.

இங்கிருந்தே பஸ் ஏறினால் இரண்டு நாளும் மகளோடு இருக்கலாமே என்றார் அவர். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றும் சொன்னார். கேட்டது கிடைத்துவிட்டது, இனிமேல் பாதியில் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை என்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

இன்று காலை, கோயில் வரிசை கடற்கரை வரைக்கும் நின்றது. உள்ளே போக மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள்.

கோபுரத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பையிலிருந்த மெழுகுவர்த்தியை அருளப்பனிடம் கொடுத்தாள்.

"எம் பேர சொல்லி ஏத்திருங்கண்ணே. அவசரம்னு சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியாததா."

பேருந்து நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

நாகை ஸ்டேஷனில் அவள் இறங்கி ஓடியபோது மணி பன்னிரண்டே கால். தண்டவாளம் காலியாகக் கிடந்தது. அடுத்த ரயில் சாயங்காலம் என்றார் டீ விற்கிறவர்.

தாளைக் கசக்கிப் போட்டாள்.

தஞ்சாவூர் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்ததும் கால் கூடுதலாக வலித்தது.

தஞ்சாவூரில் திருச்சி பஸ்ஸுக்கு மாறினாள். ஏர்போர்ட் போக வேண்டும் என்றதும் கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர வேண்டாம், டோல்கேட்டிலேயே இறங்கி, புதுக்கோட்டைப் பக்கம் போகிற எந்த வண்டியிலும் ஏறிக்கொள்ளச் சொன்னார். மறக்காமல் அவரே வந்து இறக்கிவிட்டார்.

அப்போது நாலே கால்.

புதுக்கோட்டை வண்டி ஏறி இறங்கியபோது, ரோட்டிலிருந்து விமான நிலையக் கட்டடம் தூரத்தில் தெரிந்தது. கொப்புளம் உடைந்த குதிகாலை ஊன்ற முடியவில்லை. ஊன்றினாள்.

வாசலில் அவளுடைய தம்பியின் வண்டி இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டான் போலிருக்கிறது. கண்ணாடிக் கதவருகே துப்பாக்கியோடு நின்ற போலீஸ்காரர் டிக்கெட் கேட்டார். இல்லை என்றாள். ஓரமாக நிற்கச் சொன்னார்.

ஒரு தூணருகே போய் நின்றாள். நாலே முக்கால்.

ஃபோன் அடித்தது. ரெஜினா.

கும்பிட்டாயா என்று கேட்டாள். கும்பிட்டேன் என்றாள். கூட்டமா என்றாள். கூட்டம்தான் என்றாள். உள்ளே வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது, இன்னும் பெட்டி போடுகிற வரிசையில்தான் நிற்கிறேன் என்றாள் மகள். பஸ் கிடைத்ததா?

"கெடச்சுச்சு. உக்கார எடமும் கெடச்சுச்சு. பஸ்ஸுலதான் வந்துட்டிருக்கேன்."

வந்தும் பார்க்க முடியவில்லை என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை குவைத் வரைக்கும் அழும்.

சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஒரு விமானம் கட்டடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து எழும்பியது. தூண் அதிர்ந்தது. ஃபோனைச் சட்டென்று முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள். சத்தம் அடங்குகிற வரை எடுக்கவில்லை.

எடுத்தபோது மறுபக்கத்தில் பெட்டிகள் உருள்கிற ஓசை மட்டும் கேட்டது.

ரெஜினா மூக்கை உறிஞ்சினாள்.

"எந்தக் கதவுகிட்டம்மா நிக்கிற?"

அவள் தூணை விட்டு வெளியே வந்தாள். தலையை நிமிர்த்தி, கதவுக்கு மேலே போட்டிருந்த எண்ணைத் தேடினாள்.