பத்து நிமிட வலி

மருத்துவ உதவியாளர் உரிமம் வேண்டுமென்றால், இறந்துபோன நோயாளி ஒருவரின் வலிப்பதிவைப் பத்து நிமிடம் தன் உடம்பில் தாங்கி, நோய் என்னவென்றும் சரியாகச் சொல்ல வேண்டும். யாருடைய வலி என்பதைத் தேர்வு மையத்தில் செண்பகவல்லிதான் முடிவு செய்வாள். தேர்வர் பட்டியலில் ஜெபராஜின் பெயரைப் பார்த்ததும், தன் கணவரின் வலியை எடுத்து வைத்தாள்.

நான்காவது நிமிடத்தில் ஜெபராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

“குடல்வால் வெடிச்சிருக்கு! உடனே ஆபரேஷன் பண்ணணும். நிறுத்துங்க மேடம்!”

“இன்னைக்குச் சரியாச் சொல்றீங்க. போன வருசம் பயிற்சியில இருந்தப்போ, வெறும் வாயுன்னு மாத்திரை குடுத்து என் வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்புனீங்களே.”

அப்போதுதான் அவன் அவளை அடையாளம் கண்டான்.

“தாங்க முடியல மேடம்...”

“நிறுத்தினா உரிமம் கிடையாது. அவரு பதினோரு மணி நேரம் தாங்குனாரு.”

பல்லைக் கடித்துக்கொண்டு மிச்ச ஆறு நிமிடத்தையும் அவன் தாங்கினான். விதிப்படி அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். செண்பகவல்லி பதிவேட்டைத் திறந்தாள். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தேர்வுக்கும், அவன் ஓய்வுபெறும் வயதுவரை, அதே வலியை அவன் பெயரில் பதிந்துவைத்தாள்.